சத்தம் கூடினால் வலு கூடுமா?

போன மாதம் நண்பன் ஒருவன் கராச்சிலிருந்து நேரே எங்கட வீட்டுக்கு வந்தான். வந்ததும் கார் போனட்டைத் திறந்து வைத்துவிட்டு, "ஏறி ஒருக்கா மிதிச்சுப் பார் மச்சான்" என்றான். எயார் ஃபில்டர் இருந்த கறுப்புப் பிளாஸ்ரிக் பெட்டியைக் காணவில்லை. அந்த இடத்தில் பளபளவென்று ஓர் அலுமினியக் குழாய், அதன் முனையில் சிவப்பு நிறக் கூம்பு ஃபில்டர். மிதித்தேன். எஞ்சின் ஒரு பெரிய மூச்சு இழுத்து உறுமியது. உண்மையைச் சொன்னால் எனக்கும் பிடித்திருந்தது.

"எவ்வளவு வலு கூடியிருக்கும் எண்டு நினைக்கிறாய்?" என்று கேட்டான்.

"சத்தம் கூடியிருக்கு" என்றேன்.

அதோடு வாக்குவாதம் தொடங்கி, தேத்தண்ணி ஆறிப்போகும் வரைக்கும் நீண்டது. அன்றைக்கு என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். என்னுடைய கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை பூட்டிய எஞ்சினோடு வீதியில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்டேக்கை மட்டும் மாற்றினால் கிடைக்கும் வலு, அதற்குக் கொடுக்கும் காசுக்கு ஈடானதில்லை. பல நேரங்களில் வலு குறையவும் கூடும். வாங்கலாமா வேண்டாமா என்று காதால் முடிவெடுக்கக் கூடாது, அளந்து முடிவெடுக்க வேண்டும்.

முதலில் மற்றப் பக்க நியாயத்தைச் சொல்ல வேண்டும். காற்றுத்தான் வலு என்று பெடியள் சொல்வதில் பிழை இல்லை. எஞ்சினுக்குப் பெற்றோலைக் கூட விடுவது சுகம். அதை எரிக்கத் தேவையான ஒட்சிசனை உள்ளே கொண்டுவருவதுதான் கஷ்டம். இதை உலக ரலி பந்தயத்தில் தெளிவாகப் பார்க்கலாம். 1995 இலிருந்து டர்போ பூட்டிய ரலி கார்கள் எல்லாம் 34 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு துவாரத்தின் வழியாகத்தான் காற்றை இழுக்க வேண்டும் என்று விதி வந்தது. சோடாப் போத்தல் மூடியை விடக் கொஞ்சம்தான் பெரிசு. அந்த ஒரு துவாரத்தாலேயே 2 லீற்றர் எஞ்சின்கள் 300 குதிரைவலுவைச் சுற்றி அடங்கிக் கிடந்தன.

அதே வருடம் டொயோட்டா அணி பிடிபட்டது. கற்றலோனியா ரலியில் அவர்களுடைய செலிக்கா காரின் டர்போவைக் கழற்றிப் பார்த்தபோது, குழாயைப் பூட்டி இறுக்கியதும் அந்தத் தடுப்பு வளையம் சில மில்லிமீற்றர் நகர்ந்து, பக்கத்தால் காற்றுப் போக வழி விடும்படி செய்திருந்தது தெரியவந்தது. குழாயைக் கழற்றினால் வளையம் பழைய இடத்துக்கே வந்துவிடும், பரிசோதகர் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். அந்த அணியை அந்த வருடப் பட்டியலிலிருந்து நீக்கி, 12 மாதத் தடையும் விதித்தார்கள். சில மில்லிமீற்றர் இடைவெளிக்காக ஒரு பெரிய நிறுவனத்தின் அணி தன் பெயரையே பணயம் வைத்தது என்றால், காற்றுப் பாதையைத் திறப்பதில் வலு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இருக்கிறதுதான். ஆனால் அந்தக் காரில் நெருக்கடி எங்கே இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். வேணுமென்றே நெரித்து வைத்த இடம் அதுதான், அதனால் அங்கே திறந்தபோது பலன் வந்தது. படலையிலே ஆட்கள் நெரிபட்டுக்கொண்டிருக்கும்போது, றோட்டை அகலமாக்கி யாருக்கு என்ன பயன்? ஆகவே முதல் கேள்வி, உங்கட காரின் படலை எங்கே இருக்கிறது என்பது.

ஒரு காரை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். எங்கட வயதுப் பெடியள் பலர் கனவு காணும் டொயோட்டா 86. 2012 இல் வந்த முதல் தலைமுறையில் டர்போ இல்லை. 1998 சிசி எஞ்சின், 7000 சுற்றில் 200 குதிரைவலு. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தன் கொள்ளளவு காற்றை இழுக்கும். அப்படியென்றால் 7000 சுற்றில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 7000 லீற்றர் காற்று. வீட்டு மொட்டை மாடியில் நிற்கிற 1000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி போல ஏழு தாங்கி, ஒரே நிமிடத்தில்.

இவ்வளவு காற்று ஃபில்டர் வழியாகப் போகும்போது கொஞ்சம் அமுக்கம் இழக்கும். அந்த இழப்புத்தான் இன்டேக் விற்பவர்கள் உங்களுக்குத் திருப்பித் தருவதாகச் சொல்லும் பொருள். சரி, அது எவ்வளவு? வளிமண்டல அமுக்கம் கிட்டத்தட்ட 101 கிலோபஸ்கால். பெட்டியும் ஃபில்டரும் சேர்ந்து 2 கிலோபஸ்கால் விழுங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். முழு இழப்பையும் ஒரு மந்திரவாதி இல்லாமல் செய்தாலும் கூடக்கூடிய காற்று 2 வீதம்தான். 200 இல் 4 குதிரைவலு. எந்தக் கூம்பும் இழப்பே இல்லாமல் காற்றை வடிக்காது. பாதி இழப்பைக் குறைத்தால் 2 குதிரைவலு. அதுவும் முழுக்க மிதித்து, மேல் சுற்றில் எஞ்சின் கத்தும் அந்தச் சில விநாடிகளில் மட்டும். மற்ற நேரமெல்லாம் உங்கட கால் பாதி மிதியில் இருக்கும். அப்போது காற்றை நெரிப்பது ஃபில்டர் இல்லை, திரொட்டில் மூடிதான்.

இன்னொரு சான்று டொயோட்டாவிடமே இருக்கிறது. 2017 மொடலில் மனுவல் கியர் ரகத்துக்கு உள்ளெடுக்கும் பாதையையும் வெளியேற்றும் பாதையையும் திருத்தினார்கள். அமெரிக்கச் சந்தையில் எண் 200 இலிருந்து 205 ஆனது. எஞ்சினையே வடிவமைத்த ஆட்கள், இரண்டு பக்கமும் வேலை செய்து, 5 குதிரைவலு எடுத்திருக்கிறார்கள். அடுத்த தலைமுறையில் பெரிய மாற்றம் வேண்டும் என்றபோது எஞ்சினை 2.4 லீற்றராகப் பெரிதாக்கினார்கள். ஒரு குழாயும் கூம்பும் 15 குதிரைவலு தரும் என்று பெட்டியில் அச்சடித்திருந்தால், இந்த வரலாற்றை ஒருக்கா நினைத்துப் பாருங்கள்.

சரி, அவை வெறும் கணக்கு என்று நீங்கள் சொல்லலாம். அப்போ அளந்து பார்ப்போம். தேவையானது சில மீற்றர் நீளத் தெளிவான பிளாஸ்ரிக் குழாயும் கொஞ்சம் தண்ணீரும். குழாயை U வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதிக்குத் தண்ணீர் விட்டு, ஒரு முனையை ஃபில்டருக்குப் பிறகு, திரொட்டிலுக்கு முன்னால் உள்ள பகுதியில் இணைக்க வேண்டும். மற்ற முனை திறந்தபடி இருக்கட்டும். ஒருவர் ஓட்ட, மற்றவர் பலகையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். 10 சென்ரிமீற்றர் வித்தியாசம் என்றால் ஏறத்தாழ 1 கிலோபஸ்கால். வெளிக் காற்றின் முழு அமுக்கம் 10 மீற்றர் தண்ணீருக்குச் சமம் என்பதால், ஒவ்வொரு 10 சென்ரிமீற்றரும் 1 வீதம். கணக்கு அவ்வளவு சுலபம்.

இரண்டு எச்சரிக்கை. திரொட்டிலுக்குப் பின்னால் உள்ள குழாயில் இதை ஒருபோதும் இணைக்காதீர்கள். அங்கே உறிஞ்சல் மிகப் பலமானது, தண்ணீர் நேரே எஞ்சினுக்குள் போய்விடும். அதேபோல U இன் கைகள் ஒவ்வொன்றும் ஒரு மீற்றருக்கு மேல் உயரமாக இருக்கட்டும். இதற்காக யாரும் பறக்கத் தேவையில்லை. வாகனம் இல்லாத நேர்ப் பாதையில், இரண்டாம் கியரில் சுற்றை ஏற்றினாலே போதும்.

இந்த அளவீடு உங்கட பெட்டியில் 10 சென்ரிமீற்றர்தான் காட்டுகிறது என்றால் வாக்குவாதம் முடிந்தது. 40 காட்டுகிறது என்றால் கூம்புக்குப் போவதற்கு முன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அழுக்குத்தான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் 2009 இல் இதைச் சோதித்தது. கணினி கட்டுப்படுத்தும் நவீன பெற்றோல் கார்களில் அடைத்துப்போன ஃபில்டரை மாற்றியதால் எரிபொருள் மிச்சம் என்று சொல்லும்படி ஒன்றும் வரவில்லை. ஆனால் வேகமெடுக்கும் நேரம் 6 முதல் 11 வீதம் வரை முன்னேறியது. அதாவது புது ஃபில்டர், அதே பழைய பெட்டி. இந்த விசயத்தில் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய லாபம் அனேகமாக இதுதான், ஆனால் இதை யாரும் வீடியோ போட்டுக் கொண்டாடுவதில்லை.

இனி வலு குறையும் என்று சொன்ன விசயத்துக்கு வருவோம். 86 இன் பெட்டி காரின் முன்பக்கத்தில், வெளிக் காற்று வரும் வாயிலிருந்து இழுக்கிறது. அதைக் கழற்றிவிட்டு எஞ்சின் பக்கத்திலே திறந்த கூம்பு வைத்தால், அது இழுப்பது ரேடியேற்றரும் எக்ஸோஸ்ற்றும் சூடாக்கிய காற்று. வெளியில் 30 பாகை, போனட்டுக்குள் 60 பாகை என்று வைத்தால் காற்றின் அடர்த்தி 9 வீதம் குறையும். வலு அந்தளவுக்கே விழாது. டைனோவில் பாவிக்கும் எஸ்ஏஇ திருத்தச் சூத்திரம் வெப்பநிலையின் வர்க்கமூலத்தைத்தான் எடுக்கிறது. அதன்படி பார்த்தாலும் ஏறத்தாழ 5 வீதம், 200 இல் 10 குதிரைவலு. 2 குதிரைவலுவைப் பிடிக்கப் போய் 10 ஐக் கை விடுவது. கார் ஓடத் தொடங்கினால் இந்தச் சூடு இறங்கும், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் காலி வீதி நெரிசலில் அரை மணித்தியாலம் நின்றுவிட்டு, விளக்கு பச்சையானதும் மிதிக்கும் எங்களுக்கு எந்தக் கணக்குப் பொருந்தும்?

விற்பனைக்காரரின் டைனோ படத்தில் இது தெரியாது. ஏனென்றால் அங்கே போனட் திறந்திருக்கும், முன்னால் பெரிய மின்விசிறி ஊதிக்கொண்டிருக்கும். வீதியில் யாரும் போனட்டைத் திறந்துகொண்டு ஓடுவதில்லை.

எனக்கு மிகவும் பயமான பகுதி அடுத்ததுதான். 86 போன்ற கார்களில் உள்ளே வரும் காற்றை ஒரு சென்சர் அளக்கிறது. சூடான ஒரு சின்னக் கம்பி, அதைக் காற்று எவ்வளவு குளிர வைக்கிறது என்பதைப் பார்த்து ஈசியூ பெற்றோலின் அளவைத் தீர்மானிக்கும். அந்தச் சென்சர் எந்த விட்டக் குழாயில் இருக்கிறது என்பது ஈசியூவின் கணக்குக்குள் எழுதப்பட்டிருக்கிறது. உதாரணமாக 70 மில்லிமீற்றர் குழாயை எடுத்துவிட்டு 76 மில்லிமீற்றர் குழாயில் அதே சென்சரைப் பூட்டினால், அதே காற்று மெதுவாகக் கடந்து போகும். சென்சர் 15 வீதம் குறைத்துச் சொல்லும். ஈசியூவும் அதை நம்பிப் பெற்றோலைக் குறைக்கும். சாதாரண ஓட்டத்தில் எக்ஸோஸ்ற் பக்கத்து ஒட்சிசன் சென்சர் இதைப் பார்த்துத் திருத்தும். முழுக்க மிதிக்கும்போது, அதாவது மிகத் தேவையான நேரத்தில், பல கார்களில் அந்த உடனடித் திருத்தம் வேலை செய்வதில்லை.

இதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது. டியூன் இல்லாமல் பூட்டிய சில இன்டேக்குகள் டைனோவில் நிசமாகவே சில குதிரைவலு கூடக் காட்டும். தொழிற்சாலை முழு மிதியில் வேணுமென்றே கொஞ்சம் கூடுதலாகப் பெற்றோல் விடுகிறது, எஞ்சினைச் சூட்டிலிருந்து காப்பாற்ற. சென்சர் ஏமாந்து அந்தப் பெற்றோலைக் குறைத்ததும் வலு கொஞ்சம் ஏறுகிறது. பெயர் கூம்புக்குப் போகிறது, செலவு பிஸ்டனின் கணக்கில் எழுதப்படுகிறது. இதோடு எங்கட நிலைமையையும் சேர்த்துப் பாருங்கள். 86 இன் கொம்பிரெஷன் விகிதம் 12.5. ஜப்பானில் இப்படியான காருக்கு அடிக்கும் பெற்றோல் பொதுவாக 100 ஒக்டேனை ஒட்டியது. எங்கட நிலையங்களில் வழமையாகக் கிடைப்பது 92 உம் 95 உம். வெக்கையும் கூட. நொக்கிங் வராமல் இருப்பதற்கான இடைவெளி எங்களுக்கு ஏற்கெனவே குறைவு. அதையும் தின்னக் கொடுக்க வேணுமா?

எங்கட ஊருக்கு இன்னும் இரண்டு விசயம் உண்டு. ஒன்று புழுதி. கிளிநொச்சிப் பக்கம் ஒரு கிரவல் றோட்டில் போய் வந்து ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள், அது என்ன வேலை செய்கிறது என்று விளங்கும். காற்று சுலபமாகப் போகும்படி செய்த ஃபில்டரில் நுண்ணிய மண்ணும் சுலபமாகப் போகும் ஆபத்து இருக்கிறது. உள்ளே போன மண் சிலிண்டர் சுவரை அரத்தாள் போலத் தேய்க்கும். மற்றது வெள்ளம். குளிர்ந்த காற்றுக்காக பம்பருக்குக் கீழே கூம்பை இறக்கி வைக்கும் வகை உண்டு. சூட்டுப் பிரச்சினைக்கு அது நல்ல விடைதான். மாரி மழையில் வீதியில் நிற்கும் தண்ணீருக்குள் அதே கூம்பு போனால் எஞ்சின் தண்ணீரை உறிஞ்சும். காற்றைப் போலத் தண்ணீரை அமுக்க முடியாது, கொனெக்ரிங் றொட் வளைந்துவிடும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, இன்டேக் எப்போதுமே வீண் என்று நான் சொல்லவில்லை. டர்போ காரில் அமுக்கத்தைக் கூட்டி டியூன் செய்து, தொழிற்சாலை நினைத்ததை விட அதிகக் காற்றை இழுக்க வைத்தால், பழைய பெட்டியும் குழாயும் உண்மையிலேயே படலை ஆகிவிடலாம். 86 ஐப் பொறுத்தவரையும் எக்ஸோஸ்ற் ஹெடர், இன்டேக், டியூன் மூன்றையும் ஒரு திட்டமாகச் செய்பவர்கள் நடுச் சுற்றில் விழும் ரோர்க்கை நிரப்புகிறார்கள். அங்கே இன்டேக் ஒரு கூட்டத்தில் ஓர் ஆள். தனியே வந்து தன்னால்தான் எல்லாம் நடந்தது என்று சொல்லும்போதுதான் நான் நம்புவதில்லை.

சத்தத்துக்காக வாங்குகிறேன் என்று யாராவது நேராகச் சொன்னால் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. சத்தம் ஒரு சந்தோசம். டொயோட்டாவே 86 இல் எஞ்சின் மூச்சுச் சத்தத்தை உள்ளே இருப்பவர் காதுக்குக் கொண்டுவர ஒரு தனிக் குழாய் வைத்திருக்கிறது. அவர்களுக்கும் தெரியும், நாங்கள் வேகத்தைக் காதால்தான் ரசிக்கிறோம் என்று. பிரச்சினை என்னவென்றால், கூடச் சத்தம் போடும் கார் கூட வேகமாகப் போவது போல எங்களுக்குத் தோன்றும். அந்தத் தோற்றத்தை வைத்துத்தான் அடுத்த பொருளையும் அதற்கடுத்ததையும் வாங்குகிறோம்.

நண்பனின் காரைப் பற்றி ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டால், அது அவன் ஐந்து வருடம் சேர்த்த காசு. 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. அந்த இடைவெளியில் ஒரு பழைய ஜப்பான் காரின் விலை என்ன ஆனது என்று வீட்டில் கார் உள்ள எல்லாருக்கும் தெரியும். இன்றைக்கு அவன் எஞ்சின் போனால் மாற்று எஞ்சின் தேடவும் காசு கட்டவும் இன்னும் ஐந்து வருடம் போகலாம். அந்தக் காசில் நல்ல ரயர், நல்ல பிரேக் பாட், புது ஃபில்டர், பழுதான சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் மாற்றியிருந்தால், வளைவில் அவன் கார் இப்போதை விட வேகமாகப் போயிருக்கும் என்பது என்னுடைய துணிபு.

கடைசியில் அவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அப்ப இதைக் கழட்டச் சொல்லுறியா?"

"கழட்டச் சொல்லேல்ல. அளந்து பார் எண்டு சொல்லுறன். பழைய பெட்டி எங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "கராச்சில விட்டிட்டு வந்திட்டன்."

கூம்பு நல்லதோ கெட்டதோ, ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது கையில் இருக்க வேணும். அன்று பின்னேரமே இரண்டு பேரும் போனோம். பெட்டி ஒரு மூலையில், பழைய ரயர்களுக்குப் பக்கத்தில் கிடந்தது. வரும் வழியில் ஒரு வன்பொருள் கடையில் நிறுத்தி ஐந்து மீற்றர் பிளாஸ்ரிக் குழாயும் வாங்கினோம். இந்தக் கிழமை அளக்கப் போகிறோம். நான் சொன்னது பிழை என்று தண்ணீர் காட்டினால் தேத்தண்ணி என்னுடைய செலவு.